கிழக்கு பார்த்த வீட்டின் காற்று

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் துவைத்துப் போட்ட துணியைச் சாயங்காலம் எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதே நாற்றம். எரிந்த பிளாஸ்டிக், எரிந்த ரப்பர், இன்னும் என்னென்னவோ. மறுபடி அலசிப் போடத் தெம்பு இல்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டேன். பகலெல்லாம் அங்கன்வாடியில் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்து துணியோடும் மல்லுக்கட்ட யாரால் முடியும்?

ஜெயவேல் வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கும் பொக வந்துகினு கீது" என்றேன். திரும்பாமலே பதில் சொன்னார். "காத்து வடகெழக்குலேர்ந்து வருது ரமா. திருவொத்தியூர் கடல் காத்து. குப்பமேடு நமக்கு நேர் கெழக்கால கீது. அங்கேர்ந்து எப்டி வரும்? தெருமுனையில எவனாச்சும் கொளுத்தியிருப்பான்."

போன வருஷம் மொட்டைமாடியில் கம்பம் நட்டு அந்தக் கருவியை மாட்டினார். வெயில், மழை, காற்றின் வேகம், காற்றின் திசை எல்லாம் அளக்கும். அளந்தது ஒயர் இல்லாமலே கூடத்துக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அங்கே ஒரு சாஃப்ட்வேர் அதையெல்லாம் சேர்த்து வைத்துக் கோடு கோடாக வரைந்து காட்டும். இவருக்குப் பிடித்தது காற்றுத் திசைப் படம். பூ மாதிரி இருக்கும். எந்தப் பக்கத்து இதழ் நீளமோ, அந்தப் பக்கமிருந்து காற்று அதிகம் என்று அர்த்தம். என் இருமல் நாட்களையும் அதிலேயே குறித்து வைக்கச் சொன்னார். எப்படிக் குறிப்பது என்று சொல்லியும் கொடுத்தார். குறித்தேன். இருமல் நாட்களுக்கு மட்டும் தனியாக ஒரு பூ வரைந்து காட்டினார். இதழெல்லாம் வடகிழக்கில். கிழக்கில் ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் பொய்க்காரி.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு வாசனையே தெரிவதில்லை. மீன் குழம்பா சாம்பாரா என்று தட்டைப் பார்த்துத்தான் சொல்வார். வேலையும் அப்படி. கன்டெய்னர் யார்டில் எடைமேடை. லாரிக்காரன் என்ன கதை சொன்னாலும் மேடை காட்டும் எண்ணைத்தான் எழுதுவார். பொண்டாட்டி மூக்கில் எண் ஏது?

பிப்ரவரி 9, ஞாயிறு

வீசிங். நெபுலைசர் மிஷினில் மருந்து போட்டு இழுத்தேன். எழுதக்கூட மூச்சு வாங்குகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று சண்டை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்: "கொஞ்ச நாளு எடம் மாறிப் பாரும்மா." அவ்வளவுதான். மனுஷன் அந்தப் பூவைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் தட்டித் தட்டிக் காட்டுகிறார். இதழ் இங்கே, குப்பைமேடு அங்கே, இதழ் இங்கே, குப்பைமேடு அங்கே.

"பக்கத்து வூட்ல யாராச்சும் இருமுறாங்களா? நீ மட்டும் இன்னா?" என்றார்.

"அவங்களுக்குப் பழகிடிச்சு. எனக்குப் பழகல. அதுக்கு நா இன்னா பண்ணட்டும்? செத்தா ஒத்துக்குவியா?"

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவருக்கு இந்த வீடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? இரண்டு பேரும் புளியந்தோப்பில், ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்து வளர்ந்தவர்கள். கொடுங்கையூரில் சொந்த ஃபிளாட். பதிவு முடிந்த அன்று ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். அந்த வீடு என் நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னால் அவர் எப்படிக் கேட்பார்? ஆனாலும் கேட்டிருக்கலாம்.

மார்ச் 8, சனி

விம்கோ நகர். அக்கா வேம்பு வீடு. வந்து ஒரு வாரம் ஆகிறது. இங்கேயும் சில நேரம் ஏதோ ஒரு மருந்து வாசனை அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. மிஷினைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அக்கா சொல்கிறாள்: "மூஞ்சி தெளிஞ்சு கீதுடி. இங்கயே இருந்துடு. அந்தாளு வேணும்னா வரட்டும்."

சிரித்தேன். மனசுக்குள் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

திரும்பி வந்த அன்று ராத்திரியே இருமல். ஜெயவேல் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். முதுகைத் தடவிவிட்டார். காலையில் அவராகவே சொன்னார், "வித்துடலாம் ரமா."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்படுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "ஆனா ஒண்ணு. பொகையால இல்ல. ஒம் மனசுக்கு ஒத்துக்கல, அதான் விக்கிறேன். கம்ப்யூட்டர்ல எல்லாம் தெளிவா கீது."

விற்கிறேன் என்கிற வாய் அந்த ஒரு வார்த்தையை விட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா? சரி. விற்றால் போதும். யார் ஜெயித்தால் எனக்கென்ன?

ஏப்ரல் 6, ஞாயிறு

புரோக்கர் தவசிமுத்து ஒரு சின்ன ஜோடியைக் கூட்டி வந்தான். 'கிழக்கு வாசல், நல்ல காற்றோட்டம்' என்று போனில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். பையன் பெயர் திலீப், ராயபுரத்தில் கூரியர் ஆபீசில் வேலை. பெண் சினேகா, எட்டு மாதம். மாடிப்படி ஏறிவந்து சேரில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. காலையில் மேற்குக் காற்று போல, ஒரு வாசனையும் இல்லை.

"குப்பமேட்டுப் பொக வரும்னு சொல்றாங்களே சார்" என்று திலீப் இழுத்தான்.

அவ்வளவுதான், ஜெயவேலுக்குக் குஷி கிளம்பிவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டார். ஒரு வருஷக் காற்றையும் திறந்து காட்டினார். "வாயால சொல்லல தம்பி. நீயே பாரு. கெழக்குல காத்தே இல்ல." அந்தப் பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இவ்வளவு ஆதாரத்தோடு வீடு விற்கிறவனை அவன் எங்கே பார்த்திருப்பான்?

யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். அமைந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. எந்தப் பூ என்னைப் பொய்க்காரி ஆக்கியதோ, அதே பூ வீட்டை விற்றுக் கொடுக்கப் போகிறது. விற்றுக் கொடுக்கட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

ஜெயவேல் காலையிலேயே நீலச் சட்டை போட்டுக்கொண்டு வியாசர்பாடியில் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடப் போய்விட்டார். வருஷா வருஷம் நானும் போவேன். இந்த வருஷம் ஊர்வலத்தில் நடக்க மூச்சு இல்லை.

வருஷப் பிறப்பு நல்ல நாள் என்று தவசிமுத்து இன்னொருவரைக் கூட்டி வந்துவிட்டான். சுப்புராயன் என்று ஒரு பெரியவர். கூடவே வாஸ்து பார்க்கிற ஆள். அந்த ஆள் செருப்பைக் கழற்றுமுன் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து வாசற்படியில் வைத்தான். வைத்தவன் நிமிரவே இல்லை.

சுப்புராயன் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, கெழக்கு வாசல்னு சொல்லி இட்டாந்தான். முள்ளு இன்னா காட்டுது பாரு. தென்கெழக்கு. அக்கினி மூலை."

"எங்களுக்கு வாஸ்துல நம்பிக்க இல்லீங்க" என்றேன்.

"ஒனக்கு நம்பிக்க இல்லன்னு முள்ளுக்குத் தெரியுமா?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். தவசிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு பின்னாலேயே ஓடினான். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. டீ போடும்போதுதான் பொறி தட்டியது.

கருவியை மாட்டிய அன்று நான்தான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் தலையில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வடக்கைப் பார்க்க வேண்டும் என்று கூட வந்த தாளில் எழுதியிருந்தது. ஜெயவேல் மாடியில் நம் வாசல் பக்கம் பார்த்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். "வாசல் கெழக்கு. அப்ப இடது கை பக்கம் வடக்கு. திருப்பு, திருப்பு, ஆங், நிறுத்து." அவ்வளவுதான் நடந்தது. சூரியனைப் பார்க்கவில்லை. சுற்றிலும் அடுக்குமாடி, எங்கே பார்ப்பது? போனில் திசைகாட்டி இருக்கிறது, அதையும் பார்க்கவில்லை. வாஸ்து மூட நம்பிக்கை என்று மேடை போட்டுப் பேசுகிற மனுஷன், வீடு வாங்கும்போது வாஸ்துக்காகப் புரோக்கர் அடித்துவிட்ட திசையை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறார். நானும்தான்.

போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்றுதான் ஏற முடிந்தது. கம்பத்தின் கோட்டோடு போனைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கோடு பார்ப்பது வடகிழக்கை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அங்கன்வாடிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். அவர் வேலைக்குப் போனதும் சாஃப்ட்வேரைத் திறந்தேன். இருமல் குறிக்கும்போது பார்த்திருக்கிறேன், அமைப்புகளில் திசைத் திருத்தம் என்று ஒரு கட்டம் உண்டு. காலியாகவே கிடந்தது. 45 என்று போட்டேன். பழைய பதிவுகளையும் திருத்தவா என்று கேட்டது. முதலில் எப்படி இருக்கும் என்று மட்டும் காட்டச் சொன்னேன்.

பூ திரும்பிவிட்டது. இருமல் நாட்களின் இதழ் அத்தனையும் கிழக்கே போய் நின்றது. நேராகக் குப்பைமேட்டின் மேல்.

அழுதேன். வாய்விட்டு அழுதேன், இருமல் வந்து நிற்கிறவரைக்கும். ஒரு வருஷம். பைத்தியம் மாதிரி என் மூக்கை நானே சந்தேகப்பட்டிருக்கிறேன். தலையணை உறையை எடுத்து மோந்து பாத்துட்டு, இல்லடி ரமா, ஒனக்குத்தான் பிரமைன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன்.

உடனே அவருக்குப் போன் போட்டு "வாய்யா, வந்து பாரு" என்று கூப்பிட வேண்டும் போல இருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அதுவே அடித்தது. திலீப். "ஞாயித்துக்கெழம வர்றோம் ஆன்ட்டி. எங்களுக்குப் புடிச்சுப் போச்சு. முடிச்சுடலாம்னு கீறோம். சார் கிட்ட சொல்லிடுங்க."

போனை வைத்தேன்.

ஜெயவேலிடம் இதைச் சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மேடையில் எண் தப்பு என்று தெரிந்த பிறகு ஒரு லாரியை விட மாட்டார். திலீப்பைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். அதன் பிறகு இந்த வீட்டை யார் வாங்குவார்கள்? அடுத்த வெயிலையும் இதே கூடத்தில் மிஷினைப் பிடித்துக்கொண்டு நான் கழிக்க வேண்டும். டாக்டர் இந்தத் தடவை சாதாரணமாகச் சொல்லவில்லை. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது என்றார்.

ரத்து என்பதை அழுத்தினேன். பூ பழையபடி வடகிழக்கே திரும்பிக்கொண்டது.

ஏப்ரல் 17, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்து மணிக்கு வந்தார்கள். திலீப் ஸ்வீட் வாங்கி வந்திருந்தான். ஆம்பளைகள் இரண்டு பேரும் கூடத்தில் பேப்பர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சினேகா மெதுவாக எழுந்து படுக்கை அறையைப் பார்க்க வந்தாள். ஜன்னலோரம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தாள். மேலே உத்தரத்தில் கொக்கி இருக்கிறதா என்று தேடினாள்.

"காத்து சூப்பரா வருதுக்கா. தூளி இங்கதான் கட்டப் போறேன். எங்க வூட்ல ஃபேன் போட்டாலும் வேர்க்குது. இங்க கட்டுனா கொயந்த நல்லா தூங்கும்ல?"

நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ராத்திரியெல்லாம் முடிவு செய்து வைத்திருந்தேன். யாராவது நேராகக் கேட்டால்கூட, சார் காட்டினாரே அதுதான் என்று சொல்லிவிடலாம். பொய் இல்லையே. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. தூளியைக் கேட்டாள்.

"இங்க கட்டாதம்மா" என்றேன்.

"ஏங்கா?"

"இங்கதான் பொக ஜாஸ்தி."

அவள் முகம் மாறிவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. வாசல், கோடு, பூ, என் மூச்சு, மிஷின் எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் ஜெயவேல் அறை வாசலில் வந்து நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை. சினேகாதான் பார்த்தாள்.

"இன்னா சொல்ற ரமா?" என்றார். சத்தமே இல்லாத குரல்.

"வாசல் கெழக்கு இல்லய்யா. தென்கெழக்கு. போன்ல பாரு."

அவர் போனைப் பார்த்தார். மாடிக்குப் போனார். திலீப்பும் பின்னாலேயே போனான். திரும்பி வந்த இருவரும் உட்காரவில்லை. ஜெயவேல் திலீப்பிடம் சொன்னார், "தம்பி, நா தெரிஞ்சு சொல்லல. ஆனா தப்பாத்தான் சொல்லிட்டேன். நீங்க யோசிச்சுக்கோங்க." திலீப் பேப்பர்களை மடித்துப் பையில் வைத்தான். ஸ்வீட் டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

சோறு ஆக்கினேன். இருவரும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

அவர் வேலைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் 45 போட்டு, எல்லாப் பதிவுகளையும் திருத்தினார். ஒவ்வொரு இருமல் நாளாகத் திறந்து பார்த்தார். நான் குறித்து வைத்ததையெல்லாம் வாய்க்குள் படித்துக்கொண்டே போனார். சாயங்காலம் வரைக்கும்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"போன திங்கள்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விக்க மாட்டே. அதான்."

கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு சொன்னார், "யார்டுல மேடைய வருசா வருசம் தெரிஞ்ச எடக்கல்லு வச்சு சரிபாத்து முத்திர குத்தாம ஒரு லாரிய ஏத்த மாட்டோம். இத்த நா ஒருநாளும் சரிபாக்கல. பாக்கணும்னே தோணல. எனக்கு வேண்டியத அது சொல்லிக்கினு இருந்திச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ பக்கத்துல இருமிக்கினு இருந்த. ஒன்ன நம்பல நானு."

பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிடக்கூடிய விஷயமா அது?

மே 12, திங்கள்

ஒருவரும் வரவில்லை. யார் போன் செய்தாலும் ஜெயவேல் முதலில் புகையைத்தான் சொல்கிறார். தவசிமுத்து பேஜாராகி, "நீ வூட்ட விக்கிறியா, விரட்டுறியா நைனா?" என்று கத்திவிட்டுப் போனான்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் காற்றுத் திசை காட்டுகிற ஊசி கிழக்கே திரும்பினால் இவரே ஓடிப்போய் ஜன்னலையெல்லாம் சாத்துகிறார். ஈரத் துணியைக் கதவிடுக்கில் திணிக்கிறார். உள்ளே வேகிறது. அக்கா வீட்டுக்குப் போய்விடு என்கிறார். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை, இருக்கவும் முடியவில்லை.

மே 25, ஞாயிறு

சினேகா போன் செய்தாள். பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகிறதாம். வாழ்த்துச் சொன்னேன். அவள் விஷயத்துக்கு வந்தாள். வீட்டை இன்னும் விற்கவில்லையென்றால் அவர்களே வாங்கிக்கொள்கிறார்களாம்.

"நா சொன்னது மறந்து போச்சா சினேகா?" என்றேன்.

"மறக்கல்லக்கா. ரெண்டு மாசமா சுத்திட்டோம். எங்க கைக்கு எட்டுற எடத்துல எல்லாம் இன்னாவோ ஒண்ணு கீது. சாக்கட, லாரித் தூளு, கெமிக்கல் நாத்தம். ஒருத்தரும் வாயத் தொறக்கல. நாங்களே கண்டுபுடிச்சோம். நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. பொக எப்ப வரும்னு தெரிஞ்சா சாத்திக்கலாம்ல. தெரியாம இருக்கறதுதான் பயமா கீது."

வேண்டாம் என்றேன். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வேண்டாம்மா என்றேன். "இப்ப கீற எடம் எண்ணெ டேங்கர் நிக்கிற தெருக்கா" என்றாள்.

ஜெயவேலிடம் சொன்னேன். "சொல்லிட்டோம்ல. அப்பால அவங்க இஷ்டம்" என்றார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடுமா? எனக்கு இறங்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை நான். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

விம்கோ நகர். வேம்பு அக்கா தெருவிலேயே வாடகை வீடு. கொடுங்கையூர் வீட்டைத் திலீப் பேருக்குப் பதிந்து கொடுத்தாயிற்று. சாமான் ஏற்றி இறக்கி இடுப்பு போய்விட்டது. கருவியை ஜெயவேல் கழற்றவில்லை. அங்கேயே மாடியில் விட்டுவிட்டார். கிளம்புவதற்கு முன் திலீப்பையும் மாடிக்குக் கூட்டிப்போய், கோடு வடக்கைப் பார்க்கிறதா என்று திசைகாட்டி வைத்து இரண்டு பேருமாகத் திருப்பி மாட்டினார்கள். கம்ப்யூட்டரில் 45-ஐ எடுத்துவிட்டார். கணக்கெல்லாம் திலீப் வீட்டு இன்டர்நெட் வழியாக இங்கே வந்துவிடுமாம். எனக்கு எப்படி என்று புரியவில்லை. தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மிஷின் அலமாரி மேல் தட்டில் கிடக்கிறது. தூசு படிந்துவிட்டது.

சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜெயவேல் கம்ப்யூட்டர் முன்னால். இங்கத்துக் காற்றைப் பார்ப்பதில்லை, கொடுங்கையூர் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை விட்டு வந்தால் தினமும் இதே. திடீரென்று போனை எடுத்தார்.

"சினேகா, காத்து கெழக்குலேர்ந்து வர ஆரம்பிச்சிடிச்சும்மா. ஜன்னல சாத்திக்கோ. கொயந்தய உள் ரூமுக்கு எடுத்துகினு போ."

எனக்குக் கீரை ஆயக் கை ஓடவில்லை. இந்த ஒரு வார்த்தை. ஒரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கு இதைச் சொல்லியிருந்தால் போதும். எழுந்து உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன்.

அவர் போனை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் போல.

"சாத்திட்டாளான்னு திரும்ப ஒருக்கா கேளு" என்றேன்.